கால் டாலர் டாக்டர்

சித்திரக்கதை மீது தொடுத்த போர் – 11

சென்ற வாரம் அமெரிக்காவின் பிங்காம்டன் ஊர்ப் பள்ளி ஒன்றில், எரிந்துகொண்டிருந்த காமிக்ஸ் குவியலுக்குப் பக்கத்தில் உங்களை நிறுத்திவிட்டு வந்தேன். 1948 டிசம்பர். பிள்ளைகளே வீடு வீடாக ஏறி இறங்கிச் சேகரித்து வந்த புத்தகங்கள். நெருப்பைச் சுற்றி நின்றதும் அதே பிள்ளைகள்தான். இந்தத் தீக்கு யார் காரணம் என்று எந்தக் காமிக்ஸ் ரசிகரைக் கேட்டாலும் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொல்வார்: டாக்டர் ஃப்ரெடரிக் வெர்த்தம். ஒட்டிய கன்னம், மூக்குக்கண்ணாடி, வெள்ளைக் கோட்டு, ஜெர்மன் வாடை போகாத ஆங்கிலம். சித்திரக்கதை வில்லனுக்கு வேண்டிய சாமுத்திரிகா லட்சணம் எல்லாம் பொருந்திய மனிதர்.

நானும் அவரை அப்படித்தான் தெரிந்துவைத்திருந்தேன். ஆறாம் வகுப்பில் புவியியல் புத்தகத்துக்குள் ஒளித்து ‘இரும்புக்கை மாயாவி’ படித்து வாத்தியாரிடம் மாட்டியவன் நான். அந்தப் புத்தகம் கடைசிவரை என் கைக்குத் திரும்பவில்லை. காமிக்ஸைப் பிடுங்குகிற ஆள் என்றாலே எனக்கு அந்த வாத்தியாரின் முகம்தான் நினைவுக்கு வரும். அதனால் இந்த வாரம் வெர்த்தமை நாலு சாத்து சாத்திவிட்டு, அடுத்த வாரம் வேறு ஆளைப் பார்க்கப் போய்விடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க, ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

*

நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம். மேற்கு 133-ஆம் தெருவில் செயின்ட் பிலிப்ஸ் தேவாலயத்துக்குச் சொந்தமான கட்டடம். அதன் நிலவறையில் இரண்டு அறைகள். 1946 மார்ச் மாதம் அங்கே ஒரு மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை டாக்டர்கள் இருப்பார்கள். கட்டணம் 25 சென்ட், அதாவது கால் டாலர். வழக்கில் சிக்கியவருக்காக நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டுமானால் 50 சென்ட். டாக்டர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் சம்பளம் கிடையாது. பகலெல்லாம் வேறெங்கோ வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து உட்கார்ந்தவர்கள்.

இதை நடத்தியவர்தான் நம் வெர்த்தம்.

அந்தக் காலத்தில் ஹார்லெமில் ஒரு தாய்க்குத் தூக்கம் வரவில்லை, ஒரு பையன் பேச்சை நிறுத்திவிட்டான் என்றால் போவதற்கு இடம் இல்லை. தனியார் டாக்டரிடம் போகக் காசு கிடையாது, காசு இருந்தாலும் பல இடங்களில் கறுப்பினத்தவருக்குக் கதவு திறக்காது. எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டும் ரால்ஃப் எலிசனும் இந்த மருத்துவமனை உருவாக ஓடியாடினார்கள். பெரிய அறக்கட்டளைகளிடம் போய்க் கேட்டார்கள், எல்லாம் கைவிரித்தன. கடைசியில் தேவாலயத்தின் பாதிரியார் ஷெல்டன் ஹேல் பிஷப் நிலவறையை வாடகையில்லாமல் கொடுத்தார். கார்ல் மார்க்ஸின் மருமகனும் கியூபாவில் பிறந்த கலப்பினத்தவரும் மருத்துவம் படித்தவருமான பால் லஃபார்க்கின் பெயரை அதற்கு வைத்தார்கள். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை சூடுபிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் மார்க்ஸின் மருமகன் பெயரில் ஒரு மருத்துவமனை! வெர்த்தம் நெஞ்சழுத்தக்காரர்தான்.

வெர்த்தம் 1895-இல் ஜெர்மனியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே மனநல மருத்துவத்தின் பெருந்தலையான எமில் கிரெப்ளினின் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, 1922-இல் அமெரிக்கா வந்து பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சேர்ந்தார். பத்து வருடம் கழித்து நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனைக்கு மாறினார். தண்டனை பெற்ற குற்றவாளிகளைப் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவது அங்கே அவர் வேலை.

அந்த வேலையில் அவர் பார்த்த மனிதர்களில் ஒருவர் ஆல்பர்ட் ஃபிஷ். பார்த்தால் பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் தாத்தா போல இருப்பார். குழந்தையைக் கொன்று தின்றதாக ஒப்புக்கொண்டவர். 1935-இல் நடந்த விசாரணையில், இவருக்குப் புத்தி பேதலித்திருக்கிறது, இவர் இருக்க வேண்டியது மருத்துவமனையில் என்று வெர்த்தம் சாட்சி சொன்னார். ஜூரிகள் கேட்கவில்லை. மறு வருடம் ஃபிஷ் மின்சார நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டார். கொலைகாரனையும் நோயாளியாகப் பார்க்கிற பழக்கம் வெர்த்தமைக் கடைசிவரை விடவில்லை. ஒருவன் கெட்டுப்போனால் அவனைக் கெடுத்தது எது என்று வெளியே தேடுவார். குடிதண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று தேடும் சுகாதார அதிகாரியைப் போல.

இந்தத் தேடல் அவரை இரண்டு இடங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

*

முதல் இடம் டெலவேர் மாநிலம். அங்கே ஹொக்கெஸின் என்ற ஊரில் சாரா புலா என்ற அம்மாள். அவருடைய வளர்ப்பு மகள் ஷெர்லி கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் போய்வர வேண்டும். வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிப் பேருந்து தினமும் அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகும், ஷெர்லியை மட்டும் ஏற்றாது. அம்மாள் தானே காரில் கொண்டுபோய் விடுவார். என் பெண்ணையும் அந்தப் பேருந்தில் ஏற்றுங்கள் என்று அதிகாரிகளுக்கு எழுதிப் பார்த்தார், ஆளுநருக்கும் எழுதிப் பார்த்தார். நடக்கவில்லை. மாநிலத்தின் முதல் கறுப்பின வழக்கறிஞரான லூயிஸ் ரெடிங்கிடம் போனார். ‘பஸ்ஸுக்காக வழக்குப் போட மாட்டேன் அம்மா, பள்ளிக்கூடத்துக்காகப் போடுவோம்’ என்கிற பொருளில் அவர் பதில் சொன்னார்.

வழக்குக்கு மருத்துவச் சான்று வேண்டியிருந்தது. டெலவேர்ப் பிள்ளைகள் ஹார்லெம் நிலவறைக்கு அழைத்துவரப்பட்டார்கள். வெர்த்தமும் அவருடைய குழுவும் கறுப்பினப் பிள்ளைகளோடு நிற்காமல் வெள்ளையினப் பிள்ளைகளையும் வைத்துப் பேசினார்கள். நடந்ததைக் கேட்டார்கள், விளையாடவிட்டுக் கவனித்தார்கள். 1951 அக்டோபரில் வெர்த்தம் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னதின் சாரம் இது: இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தங்களைத் தனிப் பள்ளிக்கு அனுப்புவதை ஒரு தண்டனையாகவே புரிந்துகொள்கிறார்கள். என்ன தப்புச் செய்தோம் என்று மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்தார். வெர்த்தம் அசைந்துகொடுக்கவில்லை. 1952 ஏப்ரலில் நீதிபதி காலின்ஸ் சைட்ஸ், கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் உடனே சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார். உச்ச நீதிமன்றத்துக்குச் சேர்ந்து போன ஐந்து பள்ளி வழக்குகளில், கீழ் நீதிமன்றத்திலேயே பிள்ளைகள் ஜெயித்த வழக்கு இது ஒன்றுதான். 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றம் ‘பிரவுன்’ வழக்கில் பள்ளிப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, பத்தாவது அடிக்குறிப்பில் டெலவேர் நீதிபதியின் முடிவை எடுத்துக்காட்டியது. சாட்சியங்களைக் கேட்டு இந்த முடிவுக்கு வருகிறேன் என்று அவர் எழுதிய வரிகள் அவை. அந்தச் சாட்சியங்களில் வெர்த்தமுடையதும் ஒன்று.

தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மே 17. இதற்கு 26 நாள் முன்னால் அவர் வேறொரு இடத்தில் சாட்சி சொல்லியிருந்தார்.

*

அந்த இன்னொரு கதை குவீன்ஸ் பகுதியின் பொது மருத்துவமனையில் ஆரம்பித்தது. பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளைகளை உட்காரவைத்து, ஒருவர் சங்கதியை இன்னொருவர் அலசும்படி பேசவிடும் ஒரு குழுவை வெர்த்தம் நடத்திவந்தார். மட்டம் போடுகிறவர்கள் சங்கம் என்றே அதற்குப் பெயர். அங்கேயும் ஹார்லெமிலும் பிள்ளைகள் வாயைத் திறந்தால் காமிக்ஸ். கையில் காமிக்ஸ், பாக்கெட்டில் காமிக்ஸ், காத்திருக்கும் பெஞ்சில் காமிக்ஸ். டாக்டரின் மூளையில் ஒரு கோடு விழுந்தது.

நேர்மையாகச் சொன்னால் அவர் கண்ணில் பட்டதில் பாதி உண்மை. அன்றைய குற்ற காமிக்ஸ்களை இப்போது புரட்டினாலும் வயிற்றைப் பிசையும். ஒரு பெண்ணின் கண்ணுக்கு நேராக ஊசி வரும் படம் ஒன்று அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. 1947-இல் எட்டு வயதுப் பிள்ளை பத்து சென்ட் கொடுத்து வாங்கக்கூடிய படம் அது. காட்டுக் கதைகளில் கறுப்பினத்தவரைக் குரங்குக்கு ஒரு படி மேலே வைத்து வரைந்திருப்பார்கள், பொன்னிறக் கூந்தல் அழகி வந்து அவர்களை ஆட்டிவைப்பாள். கடைசிப் பக்கங்களில் கத்திக்கும் காற்றுத் துப்பாக்கிக்கும் விளம்பரம். இதையெல்லாம் எடுத்து வைத்து, என் ஹார்லெம் பிள்ளைகள் இதைத்தான் படிக்கிறார்கள் என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதிப்பாளர்களிடம் பதில் இல்லை. அவரை எதிர்த்துப் பேசிய நிபுணர்களில் சிலர் காமிக்ஸ் கம்பெனிகளிடம் ஆலோசனைக் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் என்பதையும் மறைக்க வேண்டாம்.

மீதிப் பாதியில்தான் சறுக்கினார். அன்றைக்கு அமெரிக்காவில் காமிக்ஸ் படிக்காத பிள்ளையைக் காண்பது அரிது. அப்படியானால் தடம் மாறிய பிள்ளைகளும் படித்துத்தானே இருப்பார்கள்? மதுரைச் சிறையில் இருப்பவர்கள் எல்லாரும் இட்லி தின்று வளர்ந்தவர்கள் என்று ஒருவர் கணக்கெடுத்து, இட்லிக்குத் தடை கேட்ட மாதிரிதான். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃப்ரெடரிக் த்ராஷர் 1949-லேயே இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டி எழுதினார். காமிக்ஸ் படித்தும் கெட்டுப்போகாத பிள்ளைகளை யார் பரிசோதித்தது?

டெலவேரில் வெள்ளையினப் பிள்ளைகளையும் வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்த அதே டாக்டர், காமிக்ஸ் விஷயத்தில் எதிரணிப் பிள்ளைகளை வரவழைக்கவில்லை. டெலவேரில் அவரைக் குடைந்து கேள்வி கேட்க ஒரு வழக்கறிஞர் எழுந்து நின்றார். புத்தகத்தில் அப்படி எழுந்து நிற்க ஆள் கிடையாது.

அந்தப் புத்தகம் 1954-இன் வசந்தத்தில் வந்தது. ‘செடக்‌ஷன் ஆஃப் தி இன்னொசென்ட்’, கள்ளமறியாப் பிள்ளைகளை மயக்கிக் கெடுத்தல் என்று பொருள். ஆறு வருடமாகப் பத்திரிகைகளில் எழுதியும் மேடைகளில் பேசியும் வந்ததையெல்லாம் அதில் கொட்டியிருந்தார். பேட்மேனும் ராபினும் ஒரு வீட்டில் வாழ்வது தன்பாலின ஆசையின் கனவு, ஒண்டர் வுமன் பெண் பிள்ளைகளுக்குத் தவறான முன்மாதிரி, சூப்பர்மேனின் பலம் பாசிசத்தின் வாடை அடிக்கிறது என்பவை இன்றைக்கும் ஆட்கள் சிரித்துக்கொண்டே எடுத்துச் சொல்லும் வாதங்கள். அச்சாகி வந்த பிரதிகளில் ஒரு சின்ன அறுவை சிகிச்சை நடந்தது. பின்பக்கத்தில் காமிக்ஸ் பதிப்பாளர்களின் பெயர்ப் பட்டியல் இருந்த ஒரு தாளை, வழக்கு வந்துவிடுமோ என்று பயந்து பதிப்பகமே வெட்டி எடுத்துவிட்டது. அந்தத் தாள் தப்பித்த பிரதிகளைப் பழம்புத்தக வேட்டைக்காரர்கள் இன்று அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

*

1954 ஏப்ரல் 21. மன்ஹாட்டனில் ஃபோலி சதுக்கத்து நீதிமன்றக் கட்டடம். சிறார் குற்றங்களை ஆராயும் செனட் துணைக்குழு உட்கார்ந்திருக்கிறது. தலைவர் ராபர்ட் ஹெண்ட்ரிக்சன். ஆனால் எல்லார் கண்ணும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எஸ்டஸ் கீஃபாவர் மேல். மாஃபியா விசாரணையைத் தொலைக்காட்சியில் நடத்திப் புகழ்பெற்றவர், ஜனாதிபதி நாற்காலிமேல் ஒரு கண் உள்ளவர்.

மதியம் வெர்த்தம் பேசினார். காமிக்ஸ்தான் ஒரே காரணம் என்று அவர் சொல்லவில்லை, பல காரணங்களில் ஒன்று என்றுதான் ஆரம்பித்தார். ஆரம்பித்த இடத்தில் நிற்கத்தான் அவரால் முடியவில்லை. இன வெறுப்பைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதில் காமிக்ஸ் தொழிலோடு ஒப்பிட்டால் ஹிட்லர் கத்துக்குட்டி என்றார். ஜெர்மனியில் பிறந்த ஒரு யூதர் இதைச் சொன்னார். அந்த வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் திக்கென்கிறது.

உதாரணத்துக்கு ஒரு கதையையும் எடுத்துக்காட்டினார். அதில் மெக்சிகோக்காரர்களைத் திட்டும் வசைச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணிச் சொன்னார். அடுத்து வந்தவர் அந்தக் கதையை வெளியிட்டவர், ஈசி காமிக்ஸ் முதலாளி வில்லியம் கெய்ன்ஸ். அழைப்பாணை இல்லாமல் தானாகவே பேச வந்த இளைஞர். அந்தக் கதை என்ன என்று சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். மெக்சிகோக்காரப் பையனைத் தன் பெண் காதலிப்பது பிடிக்காத அப்பன், அக்கம்பக்கத்தாரைத் தூண்டிவிடுகிறான். முகமூடி மாட்டிய கும்பல் இருட்டில் புகுந்து அடித்துக் கொல்கிறது. வெளிச்சம் போட்டுப் பார்த்தால் செத்துக்கிடப்பது அவன் பெண். வசைச்சொல் வருவது அந்த அப்பன் வாயில்தான். இன வெறிக்கு எதிரான கதையை இன வெறிக் கதை என்று சாட்சியம் கொடுத்துவிட்டார், ஹார்லெமுக்காக மாலை நேரங்களைக் கொடுத்த டாக்டர். கெய்ன்ஸ் அதைச் சுட்டிக்காட்டினார். அந்தப் பொழுதில் அது யார் காதிலும் ஏறவில்லை.

ஏறாமல் போனதற்குக் காரணம் ஒரு அட்டைப் படம். ஒரு கையில் ரத்தம் சொட்டும் கோடரி, இன்னொரு கையில் பெண்ணின் வெட்டிய தலை. கீஃபாவர் அதைத் தூக்கிப் பிடித்து, இது நல்ல ரசனையா என்று கேட்டார். திகில் காமிக்ஸ் அட்டைக்கு நல்ல ரசனைதான் என்றார் கெய்ன்ஸ். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தலையை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்து, கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவது தெரியும்படி வரைந்திருந்தால்தான் மோசமான ரசனை என்று விளக்கமும் கொடுத்தார். கதை முடிந்தது. மறுநாள் ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பக்கத்தில் செய்தி வந்துவிட்டது.

இந்தக் கெய்ன்ஸின் அப்பா பைபிள் கதைகளைப் படமாகப் போட்டு விற்றவர். ஈசி என்பதில் முதல் எழுத்து அப்போது ‘எஜுகேஷனல்’ என்பதைக் குறித்தது. 1947-இல் படகு விபத்தில் அப்பா இறந்துபோக, வேதியியல் ஆசிரியராகப் போக இருந்த மகன் தலையில் கம்பெனி விழுந்தது. அவர் அதை ‘எண்டர்டெயினிங்’ ஆக்கினார், பிறகு பிணங்கள் எழுந்து நடந்தன.

*

இனி, வெர்த்தம் தலையில் எல்லாரும் கட்டும், அமெரிக்கக் காமிக்ஸைக் கட்டிப்போட்ட தணிக்கை விதிகள். இதில்தான் வரலாறு அவருக்கு அநியாயம் செய்திருக்கிறது என்பேன்.

அவர் கேட்டது ஒரு விற்பனைக் கட்டுப்பாடு. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் குற்ற காமிக்ஸ்களை விற்கவோ கடையில் அவர்கள் கண்ணில் படும்படி வைக்கவோ கூடாது என்று ஒரு பொதுச் சுகாதாரச் சட்டம். பெரியவர்கள் எந்தக் கண்றாவியை வேண்டுமானாலும் வாங்கிப் படித்துக்கொள்ளட்டும், எனக்கு அதில் அக்கறை இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். செனட் குழுவும் பின்னால் சட்டம் எதையும் கேட்கவில்லை, தொழில் தன்னைத் தானே திருத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது.

பயந்துபோன பதிப்பாளர்கள் அதற்குள் முந்திக்கொண்டார்கள். 1954 செப்டம்பரில் சங்கம் அமைத்து, ஒரு நீதிபதியைச் சம்பளத்துக்குப் பிடித்து, அக்டோபரில் விதிமுறையை அச்சடித்தார்கள். திகில், பயங்கரம் என்ற சொற்கள் தலைப்பில் வரக் கூடாது. நடமாடும் பிணம், ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன் எதுவும் கூடாது. ‘குற்றம்’ என்ற சொல் அட்டையில் மற்றச் சொற்களைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. போலீஸ், நீதிபதி, அரசு அதிகாரி மேல் மரியாதை குறையும்படி எதையும் காட்டக் கூடாது. விதிப்படி இருக்கிறது என்று சங்கம் அட்டையில் குத்தும் முத்திரை இல்லாத காமிக்ஸை விநியோகஸ்தர்கள் கட்டுப் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பினார்கள். தன் திகில் வரிசையைக் கெய்ன்ஸ் அந்தச் செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டார்.

வெர்த்தம் சட்டம் வந்திருந்தால் பதினாறு வயதுப் பையன் தன் திகில் கதையை வாங்கிப் படித்திருப்பான். பதிப்பாளர்களின் விதி வந்ததால் அறுபது வயதுக்காரரும் எட்டு வயதுக்காரருக்கானதைத்தான் படிக்க வேண்டியதாயிற்று. வெர்த்தமுக்கும் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. முத்திரை குத்திய பிறகும் கொலை கொலைதான் என்று 1955-இல் கட்டுரை எழுதி அதைக் கிழித்தார். அது இன்று யாருக்கும் நினைவில்லை.

விதி எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு சம்பவம். ஆரஞ்சு நிற ரோபோக்கள், நீல நிற ரோபோக்களைத் தனியே ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு கிரகம். பூமியிலிருந்து ஒரு விண்வெளி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, நீங்கள் எங்கள் கூட்டமைப்பில் சேர இன்னும் பக்குவப்படவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். கறுப்பின மனிதர். நெற்றியில் வியர்வைத் துளிகள் நட்சத்திரம் போல மின்னுகின்றன. ஈசி காமிக்ஸ் இதை ஏற்கெனவே 1953-இல் வெளியிட்டிருந்தது. மறுபடி போடலாம் என்று முத்திரைக்கு அனுப்பியபோது தணிக்கை நீதிபதி சார்லஸ் மர்ஃபி, அந்த ஆள் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார். அதுதானய்யா கதையே என்று ஆசிரியர் அல் ஃபெல்ட்ஸ்டைன் தலையில் அடித்துக்கொண்டார். ஊரைக் கூட்டிச் சொல்லிவிடுவேன் என்று கெய்ன்ஸ் மிரட்டிய பிறகுதான் அது அப்படியே வெளிவந்தது. ஈசி வெளியிட்ட கடைசி காமிக்ஸ் புத்தகம் அந்த இதழ்தான். ஈசியின் நகைச்சுவை இதழான ‘மேட்’ மட்டும் அதற்கு முன்பே பத்திரிகை வடிவத்துக்கு மாறி விதியின் கைக்கு எட்டாமல் தப்பித்துவிட்டிருந்தது.

*

வெர்த்தமின் தாள்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பெட்டி பெட்டியாகப் பூட்டிக் கிடந்தன. 2010-இல்தான் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நூலக இயல் கற்பிக்கும் கேரல் டில்லி போய் உட்கார்ந்தார். நூலகர்கள் வெர்த்தமுக்கு என்ன எழுதினார்கள் என்று பார்க்கத்தான் போனார். நோயாளிக் குறிப்புகள் கண்ணில் பட்டன. அவற்றைப் புத்தகத்தோடு வைத்து ஒப்பிட ஆரம்பித்தார்.

பேட்மேன் பகுதியில் வரும் இளைஞன் ஒருவன். குறிப்பில் இரண்டு பேர், ஒருவனுக்கு 16, இன்னொருவனுக்கு 17 வயது. இரண்டு பையன்களை ஒருவனாகத் தைத்திருக்கிறார் டாக்டர். அவர்கள் இருவரும் பல வருடமாகக் காதலித்துவந்தவர்கள். தங்களை அதிகம் ஈர்த்தது டார்ஸானும் சப்-மரினரும்தான் என்றும் சொல்லியிருந்தார்கள். புத்தகத்தில் அந்த வாக்கியம் இல்லை. காட்டு அழகி ஷீனாவின் கதைகளைப் படித்த, பள்ளிக்கு மட்டம் போடும் 13 வயதுச் சிறுமி ஒருத்தி புத்தகத்தில் வருகிறாள். அவள் வாழ்க்கையில் இருந்த மற்றச் சிக்கல்களை, கும்பல் சகவாசம் உள்பட, டாக்டர் எழுதாமல் விட்டுவிட்டார். அந்தச் சிறுமியை அவர் நேரில் பார்த்ததுகூட இல்லை, உடன் வேலை செய்த டாக்டரின் குறிப்பு அது. இப்படி ஒன்றிரண்டோடு நிற்கவில்லை. டில்லியின் கட்டுரை 2012-இல் வெளிவந்தது.

நான் வெர்த்தம்மீது வைக்கும் வழக்கு இது ஒன்றுதான். காமிக்ஸை வெறுத்தார், ரசனை இல்லாதவர், கதையின் தொனி புரியாதவர் என்பதெல்லாம் மன்னிக்கக்கூடியவை. என் வாத்தியாரும் அப்படித்தான். ஆனால் இந்த மனிதரின் சிறப்பே பிள்ளைகள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டதுதான். வேறு யாரும் கேட்காத பிள்ளைகள். கால் டாலரைக் கையில் இறுக்கிக்கொண்டு நிலவறைப் படியில் இறங்கி வந்த பிள்ளைகள். தண்டனையாகத் தெரிகிறது என்று டெலவேர்ப் பிள்ளைகள் சொன்னதைச் சொன்னபடி நீதிபதியிடம் ஒப்படைத்தவர், இவர்கள் சொன்னதை வெட்டி ஒட்டியிருக்கிறார். தான் நல்லதுக்குத்தான் செய்கிறோம் என்ற நிச்சயம் இல்லாதவன் அதைச் செய்யத் துணிந்திருக்க மாட்டான்.

*

லஃபார்க் மருத்துவமனை 1950-களின் இறுதியில் மூடப்பட்டது. 1956-இல் வெர்த்தம் எழுதிய ஒரு புத்தகம், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட போர்ட்டோ ரிக்கோ பையனைப் பத்திரிகைகளும் ஊரும் எப்படி முன்கூட்டியே தீர்ப்பெழுதி முடித்தன என்பதைப் பற்றியது. நல்ல புத்தகம், யாரும் படிப்பதில்லை. 1966-இல் வன்முறையைப் பற்றி எழுதிய நூலில், நாஜி ஜெர்மனியில் தன் தொழிலைச் சேர்ந்த டாக்டர்களே மனநோயாளிகளைக் கொன்ற கதைக்கு நீண்ட ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். ஆங்கிலத்தில் அதை விரிவாகச் சொன்ன முதல் சிலரில் அவர் ஒருவர்.

1973-இல்தான் வேடிக்கை. ரசிகர்கள் தாங்களே எழுதி, தாங்களே பிரதியெடுத்து, தங்களுக்குள் சுற்றுக்கு விடும் சிற்றேடுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பெரும்பாலும் காமிக்ஸ், அறிவியல் புனைகதை ரசிகர்களின் ஏடுகள். லாப நோக்கமில்லாமல் இளைஞர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் ஆரோக்கியமான வழி என்று உச்சிமுகர்ந்து பாராட்டியிருந்தார். அந்த வருடம் நியூயார்க்கில் நடந்த காமிக்ஸ் மாநாட்டுக்கு அவரை அழைத்தார்கள். போனார். எழுபத்தெட்டு வயதுக்காரரைக் கேலிக் கூச்சல் போட்டு வரவேற்றார்கள். அதோடு காமிக்ஸ் பற்றி எழுதுவதை விட்டார். 1981 நவம்பரில் பென்சில்வேனியாவில் தன் பண்ணை வீட்டில் இறந்தார். அவர் புத்தகத்தில் பெயர் அடிபட்ட பழைய காமிக்ஸ்களுக்குச் சேகரிப்பாளர் சந்தையில் இன்று தனி மவுசு. விலைப்பட்டியலிலேயே அதைக் குறித்துவைக்கிறார்கள்.

முத்திரையை மார்வெல் 2001-இல் கைவிட்டது. டிசியும் ஆர்ச்சியும் 2011 ஜனவரிவரை இழுத்துப் பிடித்திருந்தன.

ஆனால் அமெரிக்கா போடாத சட்டத்தை வேறு நாடுகள் போட்டன. பிரிட்டன் 1955-இல் இளையோரைக் கெடுக்கும் பட வெளியீடுகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. அடுத்த வருடமே டெல்லியில் நம் நாடாளுமன்றமும் ஏறக்குறைய அதே வார்த்தைகளில் ஒரு சட்டம் போட்டது. குற்றச் செயல்கள், வன்முறை, குரூரம், அருவருப்பும் பயங்கரமும் தரும் சம்பவங்கள் இவற்றைக் காட்டி இளையவரைக் கெடுக்கக்கூடிய கதைகள். பிரிட்டனில் படக்கதையாக இருந்தால்தான் குற்றம், இங்கே படம் இல்லாத கதையும் மாட்டும். வெளியிட்டாலோ விற்றாலோ ஆறு மாதம்வரை சிறை. ‘இளையவர்’ என்றால் யார் என்றும் அதில் எழுதியிருக்கிறது. வெர்த்தம் கேட்டது 15 வயது. டெல்லி 20 என்று போட்டது.

(தொடரும்)